பதிமூன்றாம் பதிப்பு

வண்ணார்பேட்டையில் மாடியேறிப் போகிற தன் சின்ன ரிப்பேர்க் கடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, செண்பகவல்லி ஒரு லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் முழுசாக வெளிச்சம் வருவதற்கு முன்பே அது பேசிவிட்டது.

"நல்லா இருக்கீங்களாம்மா? வெயில் இப்பவே ஏறிட்டு, என்ன?"

நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் குரல். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். செண்பகம் நிமிர்ந்து எதிரே நின்றவரைப் பார்த்தாள். பாளையங்கோட்டைக்காரர், அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் தேவநேசன் என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார்.

"லைன்ல யாரும் இருக்காங்களா சார்?"

"இல்லம்மா. என் வீட்டம்மா குரல் அது. ஞானசௌந்தரி, கணக்கு டீச்சரா இருந்தா. அவ இப்ப வீட்ல கட்டில்ல கிடக்கா. இங்க பேசுறது யாருன்னு எனக்கே தெரியல. இந்த ஓ.எஸ்.ஸ எடுத்துட்டுப் பழசப் போட்டுத் தாங்க. பதிமூணு போதும்."

அந்த இயங்குதளத்தில் பதிமூன்றாம் பதிப்பு வேண்டும் என்று யாரும் கேட்டு நாலு வருடம் ஆகியிருக்கும். இப்போது வருகிற எல்லா லேப்டாப்பும் பதினாறோடுதான் வருகிறது. பதினாறு வேகமானது, அழகானது, கேட்பதற்கு முன்பே செய்வது. அதை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுகிறவர்களை அந்த நிறுவனத்துக்குப் பிடிக்காது. உத்தரவாதமும் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் செண்பகத்தைத் தயங்க வைத்தது அதெல்லாம் இல்லை.

மூன்று வருடம் முன்னால் இதே மேசையில் ஒருவர் ஒரு போனை வைத்து, பூட்டுக் குறி மறந்துவிட்டது, திறந்து கொடுங்கள் என்றார். திறந்து கொடுத்தாள். அது அவருடைய மனைவியின் போன். மறுநாள் அந்தப் பெண் நெற்றியில் தையலோடு வந்து நின்று, "ஏன்க்கா திறந்தீங்க" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து கொண்டுவருகிறவர் ஒருவர், பொருளுக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்றால் செண்பகம் கை வைப்பதில்லை. இது போன்கூட இல்லை. ஒரு பெண்ணின் பேச்சு.

அவள் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டாள். "டீச்சர், இத மாத்துறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சார் விருப்பம் எதுவோ அதுதாம்மா எனக்கும்" என்றது குரல். ஒரு நொடி விட்டு, செண்பகத்தின் முகத்தைப் படித்ததுபோல, "ஆனா இதுவே நல்லாத்தான் இருக்கு. நீங்களும் எதுக்குச் சிரமப்படணும்?" என்றது.

தேவநேசன் சிரிக்க முயன்றார். முடியவில்லை. "பாத்தீங்களா. ரெண்டு பேருக்கும் பிடிச்ச மாதிரி சொல்லிட்டு. முப்பத்தொரு வருசத்துல அவ 'உங்க விருப்பம்'னு ஒரு தடவகூட என்கிட்ட சொன்னதில்லம்மா. இப்ப ஒரு நாளைக்குப் பத்து தடவ கேக்கேன்."

செண்பகம் அவரை உட்காரச் சொன்னாள். அவர் சொல்லச் சொல்ல விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

மூன்று வருடம் முன்பு டீச்சருக்கு மூளையின் அடித்தண்டில் ரத்தம் கட்டிவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. நாக்கும் தொண்டையும் போய்விட்டன. அறிவும் நினைவும் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் மிச்சம் இருந்தன, கூடவே கண்களும். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், இறுக மூடினால் இல்லை. பிறகு பதிமூன்றாம் பதிப்போடு ஒரு பழைய லேப்டாப் வந்தது. திரையில் எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா கண்டுபிடிக்கும். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து முடித்ததும் ஒரு தட்டையான குரல் வாசித்துக் காட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் வருவது அநேகமாகத் திட்டாக இருக்கும். தேவநேசன் காத்திருந்து திட்டு வாங்கப் பழகிக்கொண்டார்.

ஜனவரியில் அந்த லேப்டாப் செத்துப்போனது. புதிது வாங்கினார்கள். அதில் பதினாறாம் பதிப்பும், அதற்குள் 'துணைமொழி' என்ற ஒன்றும் இருந்தன. பள்ளி ஆண்டு விழாவில் டீச்சர் பேசிய பழைய பதிவுகளையும் போனில் கிடந்த குரல் செய்திகளையும் கொடுத்தால், அவருடைய குரலிலேயே பேசும். இரண்டு எழுத்தைப் பார்த்தால் போதும், மிச்சத்தை அதுவே முடித்துவிடும். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டதும் தேவநேசன் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். சௌந்தரி பழையபடி ஆகிவிட்டாள் என்றார்கள். பழையதைவிடத் தன்மையாகப் பேசுகிறாள் என்றும் சொன்னார்கள்.

"ரெண்டு மாசம் நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்" என்றார். "பெறகுதான் கண்ணால பாத்தேன்."

மகள் பெனிட்டா புனேயில் ஒரு தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா ஆசைப்பட்டுப் படிக்க வைத்த படிப்பு. இரண்டு வாரத்துக்கு முன்பு, வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவோடேயே இருந்துவிடுகிறேன் என்று செய்தி அனுப்பினாள். மறுநாள் வீடியோவில் வந்தாள். தேவநேசன் கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்ததால் திரை முழுவதும் அவருக்குத் தெரிந்தது. மனைவியின் கண் 'வே' என்ற எழுத்தில் போய் நின்றது. அடுத்த எழுத்துக்கு அது நகர்வதற்குள் குரல் பேசிவிட்டது.

"வேலைய விட்டுட்டு வாம்மா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு வேற என்ன வேணும்?"

"அவ கண்ண இறுக மூடிட்டாம்மா. தண்ணியா வடிஞ்சுது. பெனிட்டா அது சந்தோசம்னு நினைச்சுட்டா. 'வே'ன்னு தொடங்கி வேற எத்தனையோ இருக்கு. வேண்டாம்னும் சொல்லலாம்லா."

பேச்சை நிறுத்த ஒரு வழி உண்டு: குரல் வருவதற்கு முன்னால் இரண்டு நொடிக்குள் திரையின் மேல்மூலையில் இருக்கிற சின்னப் பெருக்கல் குறியைப் பார்க்க வேண்டும். டீச்சரின் கண் தசைகள் அவ்வளவு வேகமாக அங்கே போய்ச் சேராது. நாலைந்து நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தேவநேசன் மகளுக்கு விஷயத்தைச் சொன்னார். அம்மாவே தன் வாயால் சொல்லிவிட்டார்கள், நீங்கள் எனக்காகப் பார்த்து மறைக்கிறீர்கள் என்று சொல்லி அவள் நம்ப மறுத்துவிட்டாள். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறாள்.

செண்பகத்துக்கு அவர் சொன்னதை நம்பத் தோன்றியது. அப்படித் தோன்றுவது போதாது என்பதும் தெரிந்திருந்தது. அந்தப் போன்காரரும் நம்பும்படியாகத்தான் பேசினார்.

"டீச்சர்ட்ட நேர்ல கேக்காம செய்ய மாட்டேன் சார். இது மூடி இருக்கணும். நீங்களும் அந்த அறையில இருக்கக் கூடாது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உடனே எழுந்துகொண்டார். "மத்தியானமே வாங்க" என்றார்.

பாளையங்கோட்டை மகாராஜநகரில் மாடி வீடு. தேவநேசன் கதவைத் திறந்துவிட்டு, சொன்னபடி பால்கனிக்குப் போய்விட்டார். டீச்சர் சாய்ந்த கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே இருந்தார். நரைத்த தலையை இறுகப் பின்னி விட்டிருந்தார்கள். அந்தக் கண்கள் செண்பகத்தை ஏற இறங்கப் பார்த்தன. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவள்போல அவள் தன்னையறியாமல் நேராக நின்றாள்.

மூடிய லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு பழைய மாதக் காலண்டரின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். மேலே உயிரெழுத்துகள், கீழே மெய்யெழுத்துகள். ஆஸ்பத்திரியில் ஆரம்பத்தில் இப்படித்தான் பேசினார்களாம். முதலில் மெய், பிறகு உயிர். விரலை ஒவ்வொன்றாக நகர்த்துவேன், வேண்டிய இடத்தில் கண்ணை மேலே தூக்குங்கள் என்றாள்.

"டீச்சர், நான் மறைக்காமச் சொல்லுதேன். பழசப் போட்டா உங்க குரல் போயிரும். அத எடுத்து வைக்க முடியாது, அந்தப் பதினாறோட சேத்துப் பூட்டியிருக்காங்க. பழையபடி ஒவ்வொரு எழுத்தாத்தான் வரும். அந்த மொட்டைக் குரல்தான் வாசிக்கும். இப்ப உங்க குரல்ல அது பேசுது. இனிமே அது குரல்ல நீங்க பேசணும். வேண்டாம்னா நான் இப்படியே போயிருவேன். சார்ட்டயும் நானே சொல்லிருவேன். உங்களுக்கு என்ன செய்யணும்?"

விரல் மெய்யெழுத்துகளின் மேல் ஊர்ந்தது. 'ச்' வந்ததும் கண்கள் மேலே போயின. பிறகு உயிர் வரிசையில் 'ஈ'. சீ. அடுத்து 'க்'. பிறகு 'கி'.

செண்பகத்துக்குச் சொல் தெரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அதைச் சொல்லிவிட்டால் அடுத்த அறையில் இருக்கிற அதற்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. விரலை மறுபடியும் முதலில் இருந்து நகர்த்தினாள். 'ர' வந்தது. கடைசியாக 'ம்' வந்தது. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

"சீக்கிரம்" என்று வாய்விட்டு வாசித்தாள்.

கண்கள் மேலே போய் அங்கேயே நின்றன. செண்பகம் தாளைக் கீழே வைத்தாள். அதற்கு முன் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மாற்றிக் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு தெளிவான உத்தரவு எவரிடமிருந்தும் வந்ததில்லை.

வேலையை அங்கேயே தொடங்கினாள். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தாள். இல்லாவிட்டால் பழையதைப் போடப் போடப் புதியது தானாக இறங்கிவிடும். பதிமூன்றின் பிரதி அவளிடம் ஒரு பென் டிரைவில் நாலு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தேவநேசன் காபி போட்டுக்கொண்டு வந்து, இதை இப்படி எதற்குத்தான் செய்தார்கள் என்று கேட்டார்.

"கெட்ட எண்ணத்துல செய்யல சார். பேச நேரமாகுதுன்னு கேக்கறவங்க பொறுமையில்லாம போன வச்சிருதாங்களாம். இவங்கள மாதிரி எத்தனையோ பேர் தனியாக் கிடந்திருக்காங்க. கேக்கறவங்க முகம் வாடாத மாதிரி பேசினா விட்டுட்டுப் போக மாட்டாங்கன்னு யாரோ யோசிச்சிருக்காங்க. அந்த முந்திப் பேசுறதக் குறைச்சு வைக்கலாம், அணைக்க மட்டும் வழி வைக்கல. நல்லதுதானேன்னு நினைச்சிருப்பாங்க."

"போன வைக்கல" என்றார் அவர். "ஆனா யாருகூடப் பேசிட்டு இருந்தாங்கன்னு தெரியலையே."

அழிப்பதற்கு முன்பு லேப்டாப் கடைசியாக ஒருமுறை உறுதி கேட்டது. எல்லா அறிவிப்புகளையும் அந்தக் குரலில்தான் சொல்லும்படி வைத்திருந்தார்கள் போலும். "எல்லாத்தையும் நிச்சயமா அழிச்சிரவா?" என்று ஞானசௌந்தரியின் குரல் கேட்டது. தேவநேசன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். செண்பகம் பொத்தானை அழுத்தாமல் கட்டிலைப் பார்த்தாள். டீச்சர் தன் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம். பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பி, கண்களை மேலே தூக்கினார்.

அழுத்தினாள்.

மாலைக்குள் பதிமூன்று ஏறிவிட்டது. ஆனால் கண்ணைப் பின்தொடர்கிற புதிய கேமராவை அதற்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை முறை முயன்றும் எழுத்துகள் திரையில் அசையாமல் நின்றன. பதினாறை அழித்தாயிற்று, பதிமூன்றுக்குக் கண் தெரியவில்லை. இப்போது டீச்சருக்கு எந்தப் பேச்சுமே இல்லை. செண்பகம் பரணில் கிடந்த செத்த லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன் கேமராவும் அதற்கான பழைய நிரலும் பிழைத்திருந்தால் பேச்சு வரும். இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தேவநேசன் வாசல்வரை வந்து, காலண்டர் தாள் இருக்கிறது, நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்றார். அவர் தைரியம் சொன்னது அவளுக்கா தனக்கா என்று தெரியவில்லை.

இரண்டும் பிழைத்திருந்தன. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய கேமராவைப் புது லேப்டாப்பின் தலையில் ஒட்டி, அந்த நிரலை ஏற்றியதும், டீச்சரின் பார்வை போன இடமெல்லாம் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி கூடவே ஓடியது. செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெனிட்டாவைப் போனில் அழைத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்தார் தேவநேசன். பச்சைப் புள்ளி 'வே'யில் போய் நின்றது. யாரும் அதை முந்தவில்லை. 'ண்', 'டா', 'ம்'.

"வேண்டாம்" என்றது மொட்டைக் குரல்.

அம்மாவின் குரலுக்கு என்ன ஆயிற்று, ஏதோ கோளாறு என்று பெனிட்டா பதறினாள். தேவநேசன் நடந்ததைச் சொன்னார். அவள் முகம் இறுகியது. "இது அம்மாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் வரக் கூடாதுன்னு நீங்களே அடிச்சிருக்கலாம்லாப்பா."

அது நியாயமான கேள்வி என்றுதான் செண்பகத்துக்கும் பட்டது. தேவநேசன் பதில் சொல்ல வாயெடுத்தார். கட்டிலில் இருந்து ஒரு பார்வை வந்தது, நிறுத்திக்கொண்டார். பச்சைப் புள்ளி மெதுவாக நகர ஆரம்பித்தது. ஒரு எழுத்து தவறாக விழுந்தது. அதை அழித்து, திரும்பவும் சரியாக எழுதினார். நாலு நிமிடம். பெனிட்டா புனேயில் காத்திருந்தாள். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கடந்து போனது.

"வேலையை விட்டால் உன்னோடு பேச மாட்டேன்" என்றது மொட்டைக் குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல்.

பெனிட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை; இரண்டும்தான். "அம்மாதான்" என்றாள். "இப்படிச் சொல்ல வேற யாராலயும் முடியாதுப்பா. அம்மாதான் இது."

தேவநேசன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மனைவியின் கண்களில் ஒரு குறும்பு மினுங்கியதைச் செண்பகம் பார்த்தாள். இனித் தனக்கு வேலையில்லை என்று கருவிப் பையை மூட ஆரம்பித்தாள். அப்போதுதான் பெனிட்டா, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அந்த முதல் மெசேஜ் இருக்குல்லா, அத நான் முழுசா எழுதலம்மா. 'உங்கள நினைச்சாக் கவலையா இருக்கு, வேலைக்கு நடுவுல'ன்னு தொடங்கினேன். நடுவுல அடிக்கடி ஞாபகம் வருதுன்னு எழுத வந்தேன். அதுக்குள்ள அதுவே மாத்தி, 'வேலைய விட்டுட்டு உங்ககூடவே வந்துருதேன்'னு முடிச்சு வச்சிருந்துது. என்கிட்டயும் பதினாறுதான். வாசிச்சுப் பாத்தேன். ஒரு நல்ல மக சொல்ற மாதிரியே இருந்துது. அழிச்சா நான் கெட்டவளாயிருவேன்னு தோணிட்டு. அனுப்பிட்டேன்."

"பெறகு?" என்றார் தேவநேசன்.

"பெறகு அம்மா அவ்வளவு சந்தோசமா வான்னு சொன்னாங்க. அதுக்கு மேல எனக்கு இஷ்டமில்லன்னு எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்லப்பா."

இந்த ஊரில் ஒரு லேப்டாப்பும் அந்த ஊரில் ஒரு லேப்டாப்பும், ஒன்றையொன்று வருத்தப்படுத்தக் கூடாது என்று மிகுந்த அன்போடு பேசி, இரண்டு பேருமே விரும்பாத ஒன்றை முடிவு செய்திருக்கின்றன என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தேவநேசனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து, சத்தமில்லாமல் வெகுநேரம் சிரித்தார்.

பெனிட்டா மூக்கை உறிஞ்சினாள். திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப் போவதில்லை என்றாள். பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் எனக்கும் பதிமூன்று கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். செண்பகம் தலையாட்டினாள். பிறகு பெனிட்டா எதையும் தட்டாமல், எங்கேயும் பார்க்காமல், நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆனா உங்கள எனக்குப் பாக்கணும்மா. இது நானாச் சொல்லுதேன். லீவு போட்டுட்டு வாரேன். பத்து நாள் இருக்கேன்."

டீச்சரின் கண்கள் திரைக்குத் திரும்பின. பச்சைப் புள்ளி நகர்ந்தது. ஒரு எழுத்து. நின்று, யோசித்து, இன்னொரு எழுத்து. மகள் காத்திருந்தாள். கணவர் காத்திருந்தார். செண்பகமும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள்.

"ஏழு" என்றது குரல்.